'காயே'யா, 'கால்யே'யா?

அன்புள்ள வாசகிக்கு,

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே இரவு நேரத்தில் ஸ்பானிய மொழி படித்துவருவதாக எழுதியிருந்தீர்கள். இணையம் வழியே உங்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்காரர். தெருவைக் குறிக்கும் சொல்லை அவர் சொன்னால் நடுவில் ஒரு லகரம் குழைந்து ஓடுகிறது. மாட்ரிட்டிலிருந்து பேசும் உங்கள் வாடிக்கையாளர் அதே சொல்லை 'காயே' என்கிறார். அங்கே லகரத்தின் சாயலே இல்லை. 'யார் சொல்வது சரி? நான் எதைப் பழகுவது?' என்று கேட்கிறீர்கள்.

இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் ஆசிரியையின் வாயிலிருந்து நீங்கள் கேட்பது ஸ்பானிய உலகின் பெரும்பகுதி கைவிட்டுவிட்ட ஓர் ஒலி. வாரந்தோறும் அதைக் காதாரக் கேட்கும் வாய்ப்பு மாட்ரிட்டில் ஸ்பானியம் படிக்கிறவர்களுக்குக்கூட எளிதில் கிடைக்காது. அதன் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ரோமன் எழுத்தில் 'எல்' இரண்டைச் சேர்த்து எழுதுவார்கள். ஸ்பானியத்தில் அந்த இரட்டை எழுத்துக்குப் பெயர் 'எல்யே'. யகரத்துக்கு உரிய எழுத்துக்குப் பெயர் 'யே'. இந்தக் கடிதம் முழுக்க அந்தப் பெயர்களையே பயன்படுத்துகிறேன். எல்யேவின் பழைய ஒலியைத் தமிழில் 'ல்ய' என்று எழுதுகிறேன். வேறு வழியில்லை. ஆனால் அது ல் ஒன்று, ய ஒன்று என இரண்டு ஒலி ஆகாது, ஒரே ஒலி.

முதலில் அதை வாய்க்குக் கொண்டுவந்துவிடுவோம். தமிழ் பேசுகிற நாக்குக்கு இது பெரிய வேலை இல்லை. வேண்டிய இரண்டு பழக்கங்களும் நம்மிடம் தனித்தனியாக ஏற்கெனவே இருக்கின்றன. 'ஞானம்' என்று சொல்லத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நாக்கை நிறுத்திவையுங்கள். நுனிநாக்கு கீழ்ப்பல்லின் பின்புறம் படிந்திருக்கும். நாவின் நடுப்பகுதி எழும்பி மேலண்ணத்தில் அகலமாக ஒட்டியிருக்கும். மூச்சு மூக்கு வழியே போய்க்கொண்டிருக்கும். இப்போது நாக்கை அந்த இடத்திலிருந்து எடுக்காமல், அதன் இரண்டு ஓரங்களை மட்டும் கடைவாய்ப் பற்களிலிருந்து சற்றுத் தளர்த்துங்கள். மூக்கு வழியை அடைத்துக் குரல் கொடுங்கள். காற்று நாக்கின் இருபுறமும் வழிந்து வரும். அதுதான் எல்யே. சரியாக வந்ததா என்று பார்க்க, நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுங்கள். நாவின் ஓரங்களில் சில்லென்று காற்றுப் பட்டால் சரி. நடுநாக்கில் பட்டால் யகரத்துக்கு நழுவிவிட்டீர்கள் என்று பொருள்.

தொல்காப்பியர் பிறப்பியலில் சகர ஞகரங்களுக்கு இடைநாவையும் இடையண்ணத்தையும் சொல்கிறார். லகர ளகரங்களுக்கு நாவிளிம்பைச் சொல்கிறார். அவர் காலத்தில் எல்யே என்ற ஒலி தமிழில் இல்லை, இப்போதும் இல்லை. ஆனாலும் அவர் தந்த சொற்களைக் கொண்டே அதைக் குறைவில்லாமல் வருணித்துவிடலாம்: ஞகரத்தின் இடம், லகரத்தின் வழி.

இரண்டு தவறுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, ளகரத்தை உதவிக்கு அழைப்பது. ளகரத்துக்கு நுனிநாக்கு மேலே வளைந்து பின்னால் போகிறது. எல்யேவுக்கு அது கீழே படுத்துக்கிடக்க வேண்டும். இரண்டாவது, 'லிய' என்று பிரித்துச் சொல்வது. ஸ்பானியத்தில் 'போலியோ' என்றால் நமக்குத் தெரிந்த அதே நோய். 'போல்யோ' என்றால் கோழிக்கறி. உணவகத்தில் வேறுபாடு தெரிய வேண்டும் அல்லவா?

இனி இந்த ஒலி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். லத்தீனில் இது கிடையாது. லத்தீனில் இரட்டித்த லகரம் இருந்தது, நம் 'பல்லி', 'கல்லு' போல. ஸ்பானியம் பிறந்த காஸ்டியா நாட்டு மக்களின் பேச்சில் அந்த இரட்டை லகரம் மெல்ல அண்ணத்தின் பக்கம் ஏறி எல்யே ஆயிற்று. குதிரையைக் குறிக்கும் 'கபல்லுஸ்' அப்படித்தான் 'கபால்யோ' ஆனது. இரட்டை நகரமும் இதே வழியில் நடந்து ஞகரமாயிற்று. ஆண்டைக் குறிக்கும் 'அன்னுஸ்' அப்படித்தான் 'அஞோ' ஆனது. ஆக, ஸ்பானியத்தில் எல்யேவும் ஞகரமும் கூடப் பிறந்தவை. இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எல்யேவுக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் ப்ல, க்ல, ஃப்ல என்று வந்த கூட்டொலிகள் காஸ்டியப் பேச்சில் எல்யேவாகத் திரண்டன. நிறைந்தது என்ற 'ப்லேனுஸ்' 'ல்யேனோ' ஆயிற்று; தீச்சுடரான 'ஃப்லம்மா' 'ல்யாமா' ஆயிற்று; திறவுகோலான 'க்லாவிஸ்' 'ல்யாவே' ஆயிற்று. அண்டை மொழியான போர்த்துகீசியத்தில் இதே க்ல வேறு திசையில் போய் 'ஷாவே' ஆனது. அந்தச் சொல் கப்பலேறி நம் கரைக்கு வந்து 'சாவி' ஆயிற்று. உங்கள் கைப்பையில் இருக்கும் சாவியும் உங்கள் ஆசிரியை சொல்லும் 'ல்யாவே'யும் ஒரே லத்தீன் சொல்லின் இரண்டு கிளைகள்.

எல்யே வேரூன்றிய பிறகு அதை மிகப் பெருமையாகப் பார்த்தவர் ஆந்தோனியோ தே நெப்ரிஹா. 1492-இல் வெளியான அவருடைய காஸ்டிய இலக்கணம், அன்று ஐரோப்பாவில் வழங்கிய பேச்சு மொழிகளுக்கு எழுதப்பட்டு அச்சேறிய இலக்கணங்களில் முன்னோடி. அதில் இந்த ஒலியைக் குறிப்பிட்டு, இது யூதருக்கும் மூர்களுக்கும் கிரேக்கருக்கும் லத்தீனருக்கும் இல்லாத ஒலி என்று சொல்கிறார். அக்கம்பக்கத்தில் போர்த்துகீசியர், காட்டலானியர், இத்தாலியர் எல்லாரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் அவர் பெருமிதம் எனக்குப் புரிகிறது. அவருடைய மொழியின் பெயரே 'காஸ்தெல்யானோ'. நாட்டின் பெயர் 'காஸ்தீல்யா'. இரண்டுக்கும் நடுவில் எல்யே உட்கார்ந்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஒலி எப்படிப் போயிற்று? யாரும் திட்டமிட்டுத் துரத்தவில்லை. எல்யேவைச் சொல்லும்போது நடுநாக்கு அண்ணத்தில் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும் என்று பார்த்தோம். பேச்சின் வேகத்தில் அந்த ஒட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும், காற்று நடுவழியே போய்விடும். அப்படிப் போனால் வருவது யகரம். ஸ்பானியத்தில் 'யே' எழுத்துக்கு உரிய ஒலி ஏற்கெனவே பக்கத்திலேயே இருக்கிறது. எல்யே அதில் போய்க் கலந்துவிட்டது. இந்தக் கலப்புக்கு ஸ்பானியர் வைத்த பெயர் 'யெயீஸ்மோ', யகரமாகச் சொல்லும் வழக்கம் என்று பொருள்.

கலப்பினால் குழம்பிய சொற்களும் அதிகமில்லை. கோழிக்கறி 'போல்யோ', கல்திண்ணை 'போயோ'. வேலி 'பால்யா', போகட்டும் என்பது 'பாயா'. 'சே கால்யோ' என்றால் பேச்சை நிறுத்தினார்; 'சே காயோ' என்றால் விழுந்தார். இப்படி இன்னும் சில. கேட்கிறவர் இடத்தைப் பார்த்துப் பொருளைப் புரிந்துகொள்வார். ஒலி கலந்ததால் வாழ்க்கை எங்கும் நின்றுவிடவில்லை.

சென்னைக்காரர் வாயில் 'வாயப்பயம்' கேட்டிருப்பீர்கள். பழமும் பயமும் அங்கே ஒன்றாகி, கடைக்காரருக்கோ வாங்குகிறவருக்கோ ஒரு குழப்பமும் வருவதில்லை. நம் ழகரம் ஒரு பக்கம் யகரமாகிறது. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் ளகரத்தோடு சேர்ந்துவிடுகிறது. உலகில் அரிதான ஓர் ஒலி, நாக்குக்குக் கூடுதல் வேலை வைக்கும் ஒலி, பக்கத்து ஒலியில் போய்ச் சேருவது ஸ்பானியத்தில் மட்டும் நடக்கிற ஒன்றில்லை. பிரெஞ்சுக்காரரும் ஒரு காலத்தில் எல்யேவைச் சொன்னார்கள். வெர்சாய் அரண்மனையின் பெயரில் இரட்டை எல் இன்றும் எழுதப்படுவது அதனால்தான். 19-ஆம் நூற்றாண்டில் அகராதி செய்த எமீல் லித்ரே அதைக் காப்பாற்ற எழுத்தில் வற்புறுத்திப் பார்த்தார். பாரிஸ் கேட்கவில்லை. ஹங்கேரியிலும் ஒலி போய் எழுத்து மட்டும் நிற்கிறது.

எல்யேவுக்கு நேர்ந்ததை அதன் உடன்பிறப்பான ஞகரத்தின் கதியோடு வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு நெஞ்சில் தைக்கிறது. ஞகரத்தின் ஒட்டு தளர்ந்தாலும் மூக்கொலி மிஞ்சும். வெறும் யகரத்தோடு அது எளிதில் கலக்காது. அதனால் பிழைத்தது. பிழைத்தது மட்டுமில்லை, நாட்டின் அடையாளமே ஆகிவிட்டது. 1991-இல், ஞகர எழுத்து உள்ள விசைப்பலகைகளை மட்டுமே விற்க வேண்டும் என்ற ஸ்பெயினின் விதியை ஐரோப்பியச் சமூகம் எதிர்த்தபோது நாடே கொந்தளித்தது. 1993-இல் அரசு தனி ஆணை பிறப்பித்து அந்த எழுத்தைக் காப்பாற்றியது. மறு ஆண்டே, 1994-இல், ஸ்பானிய மொழிக் கழகங்களின் மாநாடு அகராதியில் எல்யேவுக்கு இருந்த தனிப் பகுதியை நீக்க முடிவெடுத்தது. 1803 முதல் அகராதியில் தனி எழுத்தாக வரிசைப்படுத்தப்பட்டு வந்த எல்யே சொற்கள், 'எல்' எழுத்தின் கீழே போய்ச் சேர்ந்தன. 2010-இல் வந்த எழுத்திலக்கணம் நெடுங்கணக்கிலிருந்தும் அதை எடுத்துவிட்டது. இப்போது ஸ்பானிய எழுத்துகள் 27. அகரவரிசையில் தேடுவதற்கு அந்த மாற்றம் வசதியானது, அதை மறுக்கவில்லை. ஆனால் எழுத்துக்காக எழுந்த குரலில் நூற்றில் ஒரு பங்குகூட ஒலிக்காக எழவில்லை.

எழுந்த குரல்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். தொமாஸ் நவார்ரோ தொமாஸ் 1918-இல் ஸ்பானிய உச்சரிப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டார். அதில் எல்யே தனி ஒலியாகவே நிற்கிறது. அவர் தலைமையில் 1931-இல், ஐபீரியத் தீபகற்பம் முழுக்கக் கிராமம் கிராமமாகப் போய் மக்கள் பேச்சைப் பதிவு செய்யும் பெரும் பணி தொடங்கியது. களத்துக்குப் போனவர்கள் முதியவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்லி, நுணுக்கமான ஒலிக்குறிகளில் எழுதிக்கொண்டார்கள். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டு பணி நின்றது. நவார்ரோ தொமாஸ் நாட்டைவிட்டு வெளியேறி நியூயார்க் போனார்; குறிப்பேடுகளும் அவரோடு போயின. 1951-இல்தான் அவை ஸ்பெயினுக்குத் திரும்பின. அந்தப் பணியின் பயனாக உருவான மொழிப்படத்தின் முதல் தொகுதி வெளிவந்தது 1962-இல். போருக்கு முன்பே எந்தெந்த ஊரில் எல்யே உயிரோடிருந்தது, எங்கே யகரம் உள்ளே நுழைந்திருந்தது என்று இன்று நமக்குத் தெரிவது அந்தக் குறிப்பேடுகளால்தான். அவற்றைக் கொண்டு யெயீஸ்மோ பரவியதைப் பற்றி அவரே 1964-இல் எழுதினார்.

இன்னொருவர் அமாதோ அலோன்சோ. நவார்ரா மாநிலத்தில், எல்யே வழங்கும் பகுதியில் பிறந்தவர். புவெனோஸ் அய்ரெஸில், அது வேறு உருவெடுத்த நகரத்தில், நீண்ட காலம் பணியாற்றியவர். ஸ்பெயினிலும் அமெரிக்கக் கண்டத்திலும் எல்யேவுக்கு நேர்ந்த மாற்றங்களை 1951-இல் நீண்ட ஆய்வாக எழுதினார். இந்தப் பொருளில் யார் எழுதினாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஸ்பானியர் கடல் கடந்து போன இடமெல்லாம் குதிரையும் போனது. குதிரையின் பெயரை அந்தந்த மக்கள் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். அந்த வடிவங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒலியின் பயணம் கண்முன் தெரியும். ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மொழியில் குதிரை 'கவால்யு'. கெச்சுவாவுக்கு எல்யே சொந்த ஒலி; நிலவைக் குறிக்கும் சொல்லே 'கில்யா'. ஆகவே கேட்டபடியே எடுத்துக்கொண்டது. பராகுவேயின் குவாரனி மொழியில் 'கவஜு'. பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் 'கபாயோ'. அதே தகலோக்கில் கத்தியோ 'குச்சில்யோ', எல்யே கெடாமல். 1492-இல் ஸ்பெயினைவிட்டுத் துரத்தப்பட்ட யூதர்களின் வழியில் வந்தவர்கள் பேசும் ஸ்பானியத்திலும் யகரம்தான்: 'கவாயோ'.

துணியை வைத்தும் சொல்லலாம், திருப்பூர்க்காரருக்குப் பொருத்தமாக இருக்கும். துடைக்கும் துண்டு ஸ்பானியத்தில் 'தொஆல்யா'. போர்த்துகீசியத்திலும் அதே சொல், அதே ஒலி. தகலோக்கில் அது 'துவால்யா'. தமிழில் 'துவாலை'. போர்த்துகீசியர் வாயிலிருந்து கேட்ட நம் முன்னோர் காதில் எல்யே லகரமாகத்தான் விழுந்திருக்கிறது. இன்று மாட்ரிட் பேச்சைக் கேட்கும் நம் காதில் அதுவே யகரமாக விழுகிறது. இரண்டு காதும் பழுதில்லை. பேசியவர்கள் வேறு.

இதனால் நம் பத்திரிகைகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. 2010-இல் நோபல் பரிசு பெற்ற பெரு நாட்டு எழுத்தாளரை ஒருவர் 'வர்காஸ் யோசா' என்று எழுதுகிறார், இன்னொருவர் 'வர்காஸ் லோசா' என்கிறார். லிமாவிலும் மாட்ரிட்டிலும் அவர் யோசாதான். லா பாஸ்காரர் சொன்னால் ல்யோசா. 'லோசா' என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை, அதை நாம் விட்டுவிடலாம். மத்தியதரைக் கடலில் இருக்கும் 'மயோர்கா' தீவின் பெயர் இன்னும் வேடிக்கையான பாதையில் வந்தது. லத்தீனில் அது பெரிய தீவு என்ற பொருளில் 'மயோரிகா'. அதில் லகரமே இல்லை. அத்தீவின் காட்டலானியப் பேச்சில் சில சொற்களில் எல்யேவுக்குப் பதில் யகரம் வரும். அதுபோலத்தான் இதுவும் என்று எண்ணிய நிலப்பகுதி எழுத்தர்கள், பிழை திருத்துவதாக நினைத்து எல்யேவைப் போட்டுவிட்டார்கள் என்பது மொழிநூலார் தரும் விளக்கம். ஆகத் தமிழில் 'மயோர்கா' என்று எழுதுகிறவர், இன்றைய பேச்சுக்கும் நெருங்கிவிடுகிறார், பழைய லத்தீனுக்கும் நெருங்கிவிடுகிறார்.

சரி, எல்யே இன்று எங்கே உயிரோடிருக்கிறது? ஸ்பெயினில் வடக்கே, பழைய காஸ்டியாவின் சிற்றூர்களில், நவார்ராவில், ஆரகோனில், வயதானவர்கள் பேச்சில். காட்டலானிய மொழியும் பேசுகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, ஏனென்றால் அவர்களுடைய தாய்மொழியிலும் அது இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் பேரப்பிள்ளைகள் யகரத்துக்கு மாறிவிட்டார்கள். வயதானவர்களோடு அது அங்கே போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். அமெரிக்கக் கண்டத்தில் நிலைமை வேறு. பொலிவியா, பெருவின் தென்மலைப் பகுதி, ஈக்வடார் மலைநாட்டின் சில பகுதிகள், பராகுவே, அதை ஒட்டிய அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலை ஆகிய இடங்களில் இன்றும் அதைக் கேட்கலாம். பொலிவியாவிலும் பெருவிலும் கெச்சுவா, அய்மாரா மொழிகள் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்கின்றன; இரண்டிலும் எல்யே உண்டு. நெருப்புச் சுடருக்கு லத்தீன் வழியாக வந்த 'ல்யாமா'வும், கம்பளி தரும் மலைவிலங்குக்குக் கெச்சுவா வழியாக வந்த 'ல்யாமா'வும் அங்கே ஒரே ஒலியில் சந்திக்கின்றன.

பராகுவே ஒரு புதிர். அங்கே பெரும்பாலோர் பேசும் குவாரனியில் எல்யே இல்லவே இல்லை. ஆனாலும் பராகுவே ஸ்பானியத்தில் எல்யே உறுதியாக நிற்கிறது. கடற்கரையிலிருந்து ஒதுங்கிக் கிடந்த நாடு, தலைநகரங்களின் புதுப்பேச்சு அங்கே வந்து சேரவில்லை என்பது ஒரு விளக்கம். அங்கே யகரமும் நன்றாக அழுத்தி ஜகரத்தை ஒட்டிச் சொல்லப்படுவதால் இரண்டும் நெருங்கவே இடமில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் முதல் வகுப்பிலேயே படித்திருக்கும் வாக்கியம் ஒன்று இருக்கிறது. 'என் பெயர்' என்று தொடங்குவது. அதில் 'யே'யும் எல்யேவும் இரண்டுமே வருகின்றன. உங்கள் ஆசிரியை 'யோ மே ல்யாமோ' என்பார். மாட்ரிட்காரர் 'யோ மே யாமோ' என்பார். பராகுவேக்காரர் 'ஜோ மே ல்யாமோ' என்பார். புவெனோஸ் அய்ரெஸ் இளைஞர் 'ஷோ மே ஷாமோ' என்பார். அங்கே இரண்டு ஒலியும் கலந்து, கலந்த ஒலி உரசலாக மாறி, கடந்த நூற்றாண்டில் குரலையும் இழந்து ஷகரமாகிவிட்டது. அதே அர்ஜென்டினாவில் சந்தியாகோ தெல் எஸ்தேரோ என்ற உள்நாட்டு மாநிலத்தில் எல்யேவை மட்டும் உரசலாகவும் 'யே'யை யகரமாகவும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஒலி மாறினாலும் வேறுபாட்டை விடவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லவைத்தால் ஒருவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதைப் பழகுவது?

ஆசிரியை சொல்வதையே பழகுங்கள் என்பது என் முடிவான யோசனை. அதற்குக் காரணம் உண்டு. யகரமாகச் சொல்லும் நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் சொல்வதெழுதும்போது இந்த இரண்டு எழுத்துகளில் தடுமாறிக்கொண்டே இருக்கிறார்கள். 'விழுந்தார்' என்பதற்கு 'பேச்சை நிறுத்தினார்' என்று எழுதிவிடுவது அங்கே அன்றாடப் பிழை. ல, ழ, ள எழுதத் தடுமாறும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே மனப்பாட உத்திகளை அங்கேயும் ஆசிரியர்கள் சொல்லித்தருகிறார்கள். நீங்கள் ஒலியோடு சேர்த்துக் கற்றால் எழுத்துப்பிழை உங்களை அண்டாது. அலுவலகக் கடிதங்களில் அது உதவும். மாட்ரிட் வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்வது புரியாமல் போகுமோ என்ற கவலை வேண்டாம். அவர் பாட்டனார் காலத்துப் பேச்சு, நன்றாகவே புரியும். ஆனால் அவர் சொல்வதைத் திருத்தப் போகாதீர்கள். அவர் சொல்வது இன்று ஸ்பானியம் பேசும் மிகப் பெரும்பாலோரின் உச்சரிப்பு. மொழிக் கழகமும் அதைப் பிழை என்று சொல்வதில்லை.

காதையும் பழக்க வேண்டும். அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் ஓர் உதவி கேளுங்கள். 'போல்யோ', 'போயோ' இரண்டையும் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பல முறை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கோழியா, திண்ணையா என்று ஒவ்வொரு முறையும் எழுதிவாருங்கள். முதலில் குழம்பும், பிறகு பிடிபட்டுவிடும். பிறகு 'பால்யா', 'பாயா'வுக்குப் போங்கள். அவர் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் ஒரு முறை பேசச் சொல்லிக் கேளுங்கள். அவர் அனுமதித்தால் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனைக்கு எத்தனை சரியாக வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்